மூணு அணுவைப் பார்த்துவிட்டு ஒரு தனிமமா? நிஹோனியம், ஓகனெசான் வகையறா பற்றி

#1 கரிசல்காட்டான்

வணக்கம் நண்பர்களே. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். தனிம வரிசை அட்டவணையின் ஏழாவது வரிசையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். நான் படித்த காலத்தில் 103, 104-க்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். இப்போது 118 வரை ஒரு கட்டம்கூடக் காலியில்லை. நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னசின், ஓகனெசான் என்று போகிறது.

சும்மா இருக்காமல் நிஹோனியத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். ஜப்பான்காரர்கள் 9 வருஷம் உட்கார்ந்து மொத்தம் 3 அணு கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருந்துவிட்டுப் போய்விட்டது. கண்ணால் பார்த்தவர் இல்லை, தராசில் வைத்தவர் இல்லை. அதைத் தங்கத்துக்கும் இரும்புக்கும் சமமாக ஒரே அட்டவணையில் ஒரு கட்டம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறோம்.

எனக்கு இரண்டு கேள்வி. அந்த மூணு அணு வந்ததை எப்படி நிரூபித்தார்கள்? இரண்டாவது, இவ்வளவு சொற்பமான பொருளுக்கு "பண்புகள்" என்று எதை எழுதுகிறார்கள்? விக்கிப்பீடியாவை ஒட்டாமல், விஷயம் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.


#2 சும்மா_ஒரு_ஆள்

நாடுகளுக்குப் பேர் வைக்கிற ஆசை சார், வேறென்ன. ஜப்பானுக்கு ஒண்ணு, மாஸ்கோவுக்கு ஒண்ணு, டென்னசிக்கு ஒண்ணு. கோடிக்கணக்கில் செலவு பண்ணி ஒரு கட்டத்துல பேர் எழுதிக்கிறாங்க. இழையைப் பூட்டிடலாம் 😀


#3 வேதிவாத்தியார்

பூட்ட வேண்டாம், நல்ல கேள்வி.

முதலில் "செயற்கைத் தனிமம்" என்றாலே மூணு அணு கதைதான் என்று நினைத்துவிடக் கூடாது. யுரேனியத்துக்கு மேலே முதலில் வந்தது நெப்டியூனியம், 1940-ல் அமெரிக்காவின் பெர்க்கிலியில் மெக்மில்லனும் ஏபெல்சனும் கண்டது. அடுத்த சில மாதங்களில் சீபோர்க் குழு புளூட்டோனியத்தைப் பிடித்தது. அது இன்று உலகத்தில் டன் டன்னாக இருக்கிறது. கல்பாக்கத்தில் 1985 முதல் ஓடும் சிறிய வேக ஈனுலையின் எரிபொருளே புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடுதான். அமெரிசியம் பல நாடுகளில் வீட்டுக் கூரையில் மாட்டுகிற புகை எச்சரிக்கைக் கருவிக்குள் இருக்கிறது, ஒரு மைக்ரோகிராமில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக. கியூரியம் நிலாவுக்கே போனது: சந்திரயான்-3-ன் பிரக்யான் ஊர்தி மண்ணில் என்ன தனிமம் இருக்கிறது என்று பார்த்த கருவியில் கதிர்மூலம் கியூரியம்-244 (பெயருக்குப் பின்னால் வரும் எண், அணுக்கருவில் இருக்கும் புரோட்டான், நியூட்ரான்களின் மொத்தம்).

ஐன்ஸ்டீனியம் (99) வரைதான் தராசில் வைக்கிற அளவுக்குக் கிடைக்கும். அதற்கு அப்புறம் எல்லாமே எண்ணிக்கைக் கணக்கு.

"அணுவை எண்ணித் தனிமம் கண்டுபிடிப்பது" புதுப் பழக்கமும் இல்லை. 1955-ல் மெண்டலீவியம் (101) கண்டபோது கையில் இருந்தது மொத்தம் 17 அணு. கியோர்சோ, சீபோர்க் முதலானோர் ஐன்ஸ்டீனியத்தைச் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் ஆல்பா துகளால் அடித்து, அடித்த மாதிரியைக் கியோர்சோவின் ஃபோக்ஸ்வேகன் காரில் மலையேற்றி ஆய்வகத்துக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். அரை ஆயுள் (இருக்கும் அணுக்களில் பாதி சிதைந்துபோக ஆகும் நேரம்) ஒன்றரை மணி நேரம்கூட இல்லை, நடந்து போனால் கட்டுப்படியாகாது. எண்ணும் கருவியைக் கட்டடத்தின் தீ எச்சரிக்கை மணியோடு இணைத்துவிட்டார்கள். ஒரு அணு சிதைந்தால் மணி அடிக்கும். தீயணைப்புத் துறை வந்து அதை நிறுத்தச் சொன்னதாகச் சொல்வார்கள்.

அதில் முக்கியமான விஷயம், 101-ஐ வேதியியலால்தான் அடையாளம் கண்டார்கள். அயனிப் பரிமாற்றக் குழாயில் ஊற்றினால் எந்தத் துளியில் எந்தத் தனிமம் இறங்கும் என்று முன்கூட்டியே கணக்கு உண்டு. 101 இறங்க வேண்டிய துளியில் இறங்கியது. 113-க்கு அந்த வசதி இல்லை. குழாயில் ஊற்றுவதற்குள் அது போய்விடும்.

இன்னொன்று: தனிமம் என்று சொல்ல எவ்வளவு நேரம் நிலைக்க வேண்டும் என்பதற்கு சர்வதேச விதி உண்டு. ஒரு நொடியை நூறு லட்சம் கோடி கூறாகப் போட்டால் அதில் ஒரு கூறு நேரமாவது அணுக்கரு இருக்க வேண்டும். அணுக்கரு தன்னைச் சுற்றி எலக்ட்ரான்களைச் சேர்த்துக்கொள்ள ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். ஆயிரத்தில் ஒரு நொடி என்பது அந்தக் கணக்கில் பெரிய ஆயுள்.


#4 நெய்தல்

முதல் கேள்விக்கு நான் வருகிறேன். சிலிக்கான் டிடெக்டரோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளும்.

ரைக்கன் ஆய்வகம், டோக்கியோ பக்கத்தில் வாக்கோ என்ற ஊர். மொரிட்டா கொசுகே தலைமையிலான குழு. கணக்கு சுலபம்: துத்தநாகத்தில் 30 புரோட்டான், பிஸ்மத்தில் 83. இரண்டும் ஒட்டினால் 113. துத்தநாக-70 அணுக்கருக்களை ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குக்கு முடுக்கி, நொடிக்கு 2 லட்சம் கோடிக்கு மேல் பிஸ்மத் தகட்டின் மேல் பாய்ச்சினார்கள். பிஸ்மத் 271 டிகிரியில் உருகிவிடும் சரக்கு. ஒரே இடத்தில் அடித்தால் ஓட்டை விழும். அதனால் மெல்லிய பிஸ்மத் படலங்களை ஒரு சக்கரத்தில் மாட்டிச் சுழலவிட்டு அடித்தார்கள்.

மோதலில் கிட்டத்தட்ட எல்லாமே வீண். பெரும்பாலும் உரசிக்கொண்டு போகும், ஒட்டினாலும் உடனே பிளந்துவிடும். எப்போதாவது ஒன்று ஒட்டி, ஒரு நியூட்ரானை மட்டும் உதறிவிட்டு நிற்கும். அது கற்றையோடு சேர்ந்து முன்பக்கமாகப் பறக்கும். அடுத்து இருப்பது ஹீலியம் நிரப்பிய காந்தப் பிரிகருவி. துத்தநாகக் கூட்டம் ஒரு பக்கம் வளைந்து போய்விட, கனமான அந்த ஒன்று மட்டும் கடைசியில் இருக்கும் சிலிக்கான் டிடெக்டரில் போய்ப் புதையும். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு ஆற்றலோடு புதைந்தது என்பது பதிவாகும்.

இதுவரை நிரூபணம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு அதே புள்ளியில் என்ன நடக்கிறது என்பதுதான் நிரூபணம்.

2004 ஜூலை 23 அன்று நடந்தது இது. புதைந்த 0.344 மில்லி நொடியில் அதே இடத்தில் ஒரு ஆல்பா துகள், ஆற்றல் 11.68 மெகா எலக்ட்ரான் வோல்ட். அடுத்து 9.26 மில்லி நொடியில் இரண்டாவது ஆல்பா. 7.16 மில்லி நொடியில் மூன்றாவது. அப்புறம் சுமார் இரண்டரை நொடி காத்திருந்து நான்காவது. 41 நொடி கழித்து அணுக்கரு இரண்டாகப் பிளந்தது. ஒவ்வொரு ஆல்பாவும் 2 புரோட்டானை எடுத்துக்கொண்டு போகும். ஆக 113, 111, 109, 107, 105 என்று படியிறங்கி, 105-ல் டப்னியம்-262 ஆகப் பிளந்து முடிந்தது.

தாத்தாவை யாரும் பார்த்ததில்லை, ஆனால் கொள்ளுப்பேரன் ஊரறிந்த ஆள் என்றால் வம்சத்தைப் பின்னோக்கிச் சொல்லிவிடலாம் இல்லையா? அதுதான் இங்கே தர்க்கம். டப்னியம்-262 ஏற்கெனவே வேறு வழியில் தயாரித்து அளக்கப்பட்டது.

2005 ஏப்ரல் 2-ல் இரண்டாவது அணு. அதே வழி, நாலு ஆல்பா, கடைசியில் பிளவு. அப்புறம் ஏழு வருஷம் ஒன்றுமே இல்லை. கரிசல்காட்டான் கேட்ட சந்தேகத்தையே சர்வதேசக் குழுவும் கேட்டது. 2011 அறிக்கையில் இந்த இரண்டையும் ஏற்க மறுத்தார்கள். எண்ணிக்கை குறைவு என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சங்கிலியில் கடைசிக்கு முந்தைய கண்ணியான போரியம்-266 பற்றி அப்போது உலகத்துக்கே சரியாகத் தெரியாது. தெரியாத ஆளைச் சாட்சிக்கு நிறுத்தினால் நீதிமன்றம் ஏற்குமா?

ரைக்கன்காரர்கள் அந்தச் சாட்சியைத் தனியாகத் தயார் செய்தார்கள். கியூரியத்தைச் சோடியத்தால் அடித்து, போரியம்-266-ஐ நேரடியாகவே உண்டாக்கி, அது எப்படிச் சிதைகிறது, எதுவாக மாறுகிறது என்று அளந்து வைத்தார்கள். பிறகு 2012 ஆகஸ்ட் 12, மூன்றாவது அணு. இந்த முறை டப்னியம்-262 பிளக்கவில்லை. இன்னும் ஒரு ஆல்பா விட்டு லாரன்சியம்-258, அதுவும் ஒரு ஆல்பா விட்டு மெண்டலீவியம்-254. மொத்தம் ஆறு ஆல்பா, கடைசிக் கண்ணிகள் நன்கு தெரிந்தவை, அரை ஆயுள்களும் பொருந்தின. வழக்கு முடிந்தது.

2003-ல் தொடங்கியதிலிருந்து கற்றை பாய்ந்த நாட்கள் மட்டும் 550-க்கு மேல். 2015 டிசம்பர் 30 அன்று அங்கீகாரம், 2016 நவம்பரில் பெயர்.


#5 கரிசல்காட்டான்

நெய்தல், கோடி நன்றி. இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. அப்போ மூணு அணு என்பது விஷயமே இல்லை, மூணாவது அணு எங்கே போய் முடிந்தது என்பதுதான் விஷயம்.

சரி, ஆனால் இதில் ஒரு ஓட்டை தெரிகிறது. எல்லாமே கணினியில் பதிவாகும் எண்கள். ஐந்தாறு எண்ணை ஒருத்தர் உட்கார்ந்து தட்டச்சு செய்துவிட்டால்? ஆளில்லாத நேரத்தில் ஒரு "சங்கிலி" உருவாகிவிடாதா?


#6 யாழ்_குகன்

அண்ணை, நீங்கள் கேட்டது நடந்தே இருக்குது.

1999-ல பெர்க்கிலி ஆய்வுகூடம் 118-ஆம் மூலகத்தைக் கண்டுபிடிச்சதாக அறிவிச்சது. கிரிப்டன்-86-ஆல ஈயம்-208-ஐ அடிச்சு மூன்று சங்கிலி. பெரிய ஆரவாரம். 118 சிதைஞ்சால் 116 வரும், ஆகவே ஒரே நாளில இரண்டு மூலகம். தரவுப் பகுப்பாய்வைச் செய்தவர் விக்டர் நினோவ். ஜெர்மனியில 110, 111, 112 கண்ட குழுவில முன்னணியில இருந்தவர், அதுக்காகவே பெர்க்கிலிக்குக் கூட்டிக்கொண்டு வந்தவை.

ஜெர்மனியின் ஜிஎஸ்ஐ ஆய்வுகூடம் செய்து பார்த்தது, வரேல்லை. பிரான்ஸ் செய்து பார்த்தது, வரேல்லை. ரைக்கன் செய்து பார்த்தது, வரேல்லை. பெர்க்கிலியே திரும்பச் செய்தும் வரேல்லை. பிறகு வேற ஆட்கள் 1999-இன் மூலப் பதிவுகளை எடுத்து ஆதியிலிருந்து ஓட்டிப் பார்த்தினம். அந்த மூன்று சங்கிலியும் மூலப் பதிவிலேயே இல்லை. 2002-ல கட்டுரையை மீளப்பெற்றினம், ஆய்வுகூடம் அவரை வேலையை விட்டு நீக்கியது. தான் ஒன்றும் புனையேல்லை எண்டுதான் அவர் கடைசிவரை சொன்னவர்.

இதுக்குப் பிறகு ஜெர்மன்காரர் பயந்து தங்கட பழைய பதிவுகளைத் தோண்டினவை. 110-இலும் 112-இலும் ஒவ்வொரு சங்கிலி மூலப் பதிவோட பொருந்தேல்லை. அந்த இரண்டையும் நீக்கிப்போட்டினம். மற்றச் சங்கிலிகள் உண்மையானவை, பிறகு திரும்பவும் வந்தன, ஆகவே அந்த மூலகங்கள் நிலைச்சன.

ஆனா நான் பார்க்கிறது என்னெண்டால், பொய் பிடிபட்ட விதம். யாரும் யாரையும் சந்தேகப்பட்டுத் துப்பறியேல்லை. மற்ற ஆய்வுகூடத்தில அதே பரிசோதனை வேலை செய்யேல்லை, அவ்வளவுதான். 118-ஐ உண்மையில செய்தது ரஷ்யாவின் டூப்னாவும் அமெரிக்காவின் லிவர்மோரும் சேர்ந்து, வேற வழியில: கலிஃபோர்னியத்தைக் கல்சியம்-48-ஆல அடிச்சு, 2002 முதல் 2005 வரை. 2006-ல அறிவிச்சினம். அதுவும் மூன்று அணுதான்!


#7 சும்மா_ஒரு_ஆள்

நான் சொன்னேன்ல. பேர் ஆசை 🙂


#8 வேதிவாத்தியார்

பேர் ஆசை இருந்தது உண்மை, அதை மறைப்பானேன். 104-ஐ டூப்னா 1964-ல் கண்டதாகச் சொல்லி குர்ச்சாட்டோவியம் என்றது. பெர்க்கிலி 1969-ல் கண்டதாகச் சொல்லி ரூதர்ஃபோர்டியம் என்றது. 105-க்கும் அதே சண்டை. சோவியத் புத்தகத்தில் ஒரு பெயர், அமெரிக்கப் புத்தகத்தில் ஒரு பெயர். உயிரோடு இருப்பவர் பெயரை வைக்கக் கூடாது என்று 106-க்கு சீபோர்கியம் வேண்டாம் என்றார்கள், அமெரிக்கர்கள் விடவில்லை. 1997-ல்தான் முடிந்தது. இதில் பாவம் வேதியியலாளர் ஓட்டோ ஹானின் பெயரில் 105-க்கு இருந்த ஹானியம். அமெரிக்கப் புத்தகங்களில் பல வருஷம் இருந்துவிட்டு இடமில்லாமல் போனது. ஒருமுறை புழங்கி விடுபட்ட பெயரை வேறு தனிமத்துக்கு வைப்பதில்லை என்பதால் இனி அது வரவே வராது.

ஓகனெசானுக்குப் பெயர் கொடுத்த டூப்னா விஞ்ஞானி யூரி ஓகனேசியன் 2016-ல் உயிரோடு இருந்து பார்த்தார். சீபோர்குக்குப் பிறகு அந்தப் பாக்கியம் அவருக்குத்தான்.


#9 கப்பல்காரன்

தூத்துக்குடியில கிளியரிங் ஏஜென்டா இருக்கேன். பௌதிகம் எனக்குத் தெரியாது, ஆனா இந்த இழையைப் படிச்சதும் 117 கதையை எங்கோ படிச்சது ஞாபகம் வந்து திரும்பத் தேடிப் பார்த்தேன். எங்க தொழில்காரன் அழுவான், அண்ணாச்சி.

117 செய்ய பெர்க்கிலியம்-249 வேணும். அது உலகத்துல அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ் அணுஉலையிலதான் அந்த அளவுக்குக் கிடைக்கும். 250 நாள் உலையில வேக வச்சு, 90 நாள் சுத்தம் பண்ணி, கிடைச்ச மொத்தச் சரக்கு 22 மில்லிகிராம். அதுக்கு அரை ஆயுள் 330 நாள். அதாவது குடோன்ல சும்மா கிடந்தாலும் தினமும் சரக்கு குறையும். டெமரேஜ் (தாமதக் கட்டணம்) கட்டினாத் தீர்ற பிரச்சினை இல்ல.

2009 ஜூன்ல ஈயப் பெட்டியில போட்டு நியூயார்க்குல இருந்து மாஸ்கோவுக்குப் பயணிகள் விமானத்துல ஏத்துனாங்க. ரஷ்ய சுங்கத்துல பேப்பர் குறையுதுன்னு திருப்பி அனுப்பிட்டான். சரி பண்ணி திரும்ப அனுப்புனாங்க, மறுபடியும் பேப்பர் சரியில்லைன்னு திருப்பிட்டான். மொத்தம் அஞ்சு தடவை அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்கு அந்தப் பெட்டி. உலகத்துலயே அபூர்வமான சரக்கு, ஆனா டாக்குமென்ட் சரியில்லன்னா ஆபீசர் உள்ள விடமாட்டான். அவனைக் குத்தம் சொல்லவும் முடியாது, கதிரியக்கச் சரக்குக்கு நானா இருந்தாலும் அதான் செய்வேன்.

அப்புறம் ரஷ்யாவுல திமித்ரோவ்கிராதுக்குப் போயி, டைட்டானியம் தகட்டுல மெல்லிசாப் பூசி, டூப்னா வந்து சேர்ந்து, 150 நாள் கால்சியம் கற்றை அடிச்சு ஆறு அணு. 2010 ஏப்ரல்ல அறிவிச்சாங்க.

என் சந்தேகம்: நாளுக்கு எவ்வளவு குறைஞ்சிருக்கும்?


#10 நெய்தல்

கப்பல்காரன் அண்ணா, நாளுக்கு 0.2 சதவீதம் சொச்சம். 22 மில்லிகிராமில் முதல் நாள் கணக்கு ஏறக்குறைய 0.05 மில்லிகிராம். விமான நிலையத்தில் கிடந்த ஒவ்வொரு நாளும் அது போனது.

ஆனால் போனது எங்கே போனது என்பதில் ஒரு வேடிக்கை. பெர்க்கிலியம்-249 சிதைந்தால் கலிஃபோர்னியம்-249 ஆகும். குகன் சொன்னாரே, 118 செய்யக் கலிஃபோர்னியம் இலக்கு வேண்டும் என்று. அதே பொருள். பின்னாளில் பெர்க்கிலியம் இலக்கை அடித்துக்கொண்டிருந்தபோது, அதற்குள் தானாக ஊறிய கலிஃபோர்னியத்திலிருந்து ஒரு 118 அணுவும் கிடைத்தது. 117-க்கு வைத்த இலக்கில் 118.

கால்சியம்-48 பற்றியும் சொல்ல வேண்டும். 20 புரோட்டான், 28 நியூட்ரான், இரண்டுமே அணுக்கரு ஓடு நிரம்பும் எண்கள். அதனால் கட்டுக்கோப்பான அணுக்கரு, மோதும்போது அதிகம் சூடாகாது, உண்டாகும் கூட்டணுக்கருவும் பிளக்காமல் தப்பிக்க வாய்ப்பு கூடுதல். அதோடு நியூட்ரான் நிறைய. 114 முதல் 118 வரை ஐந்தும் இதன் புண்ணியம். ஆனால் இயற்கைக் கால்சியத்தில் இது 0.19 சதவீதம்தான். பிரித்தெடுத்தால் கிராம் விலை லட்சக்கணக்கான டாலர். மணிக்கு அரை மில்லிகிராம் மாதிரி எரிப்பார்கள்.

117-ஐ 2014-ல் ஜிஎஸ்ஐ மீண்டும் செய்து உறுதிப்படுத்தியபோது அந்தக் கட்டுரையில் கொல்கத்தா சாஹா நிறுவனம், ரூர்க்கி ஐஐடி ஆட்களும் உண்டு. நம் பத்திரிகைகளில் இது பெரிதாக வரவில்லை.


#11 கரிசல்காட்டான்

இரண்டாவது கேள்வி பாக்கி இருக்கிறது. மகளின் வழிகாட்டிப் புத்தகத்தில் ஓகனெசான் "மந்த வாயு" என்று அச்சடித்திருக்கிறது. அஞ்சாறு அணுவைத்தான் மொத்தமாகப் பார்த்திருக்கிறார்கள் என்றால் அது வாயு என்று எவன் முகர்ந்து பார்த்தான்?


#12 வேதிவாத்தியார்

முகரவில்லை. 18-ஆம் தொகுதியில் உட்கார்ந்திருப்பதால் அச்சடித்துவிட்டார்கள். கணக்குப் போடுகிறவர்கள் சொல்வது அதற்கு நேர்மாறு: ஓகனெசான் நிறையச் சேர்த்து வைக்க முடிந்தால் அறை வெப்பத்தில் திடப்பொருளாகவே இருக்கும், மந்தமாகவும் இருக்காது. இது கணிப்பு மட்டும், சோதனை இல்லை. ஆயுள் ஒரு மில்லி நொடிக்கும் குறைவு, அதில் என்ன வேதியியல் செய்வது?

ஆனால் 112, 114 இரண்டுக்கும் உண்மையிலேயே வேதியியல் செய்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

கோப்பர்நீசியம் (112) துத்தநாகம், காட்மியம், பாதரசத்துக்குக் கீழே. பாதரசம் மாதிரி தங்கத்தில் ஒட்டுமா, அல்லது ரேடான் மாதிரி கண்டுகொள்ளாமல் போகுமா என்பது கேள்வி. டூப்னாவில் சுவிட்சர்லாந்துக் குழுவோடு சேர்ந்து ஒரு குறுகிய தடம் அமைத்தார்கள். அதன் ஒரு சுவர் தங்கப் பூச்சு. நுழைவாயில் 35 டிகிரி, மறுமுனை பூஜ்யத்துக்குக் கீழே 180 டிகிரி. வழி நெடுக டிடெக்டர்கள். வாயு ஓட்டத்தில் அணுவைத் தள்ளிவிட வேண்டியது, எந்த இடத்தில் ஒட்டிச் சிதைகிறது என்று பார்க்க வேண்டியது. கோப்பர்நீசியம்-283-க்கு அரை ஆயுள் சுமார் 4 நொடி. இந்த உலகத்தில் 4 நொடி என்பது நிதானமாக வேலை செய்கிற அவகாசம்.

புத்திசாலித்தனம் எங்கே என்றால், இலக்கில் கொஞ்சம் நியோடிமியம் கலந்தார்கள். கால்சியம் கற்றை அதில் மோதினால் பாதரசம் உண்டாகும். வேறு மோதல்களில் ரேடானும் உண்டாகும். ஆக ஒரே ஓட்டத்தில், ஒரே தடத்தில் மூன்றும் ஓடுகின்றன. பாதரசம் வாசலிலேயே தங்கத்தில் ஒட்டிக்கொண்டது. ரேடான் கடைசிக் குளிர்முனை வரை போய்விட்டது. 2007-ல் வெளியான முடிவில் இரண்டு கோப்பர்நீசியம் அணுக்களும் நடுவழியில் ஒட்டியிருந்தன. தங்கத்தோடு பிணைப்பு உண்டு, ஆனால் பாதரசத்தைவிடப் பலவீனம். 12-ஆம் தொகுதி உறுப்பினர்தான், கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறார்.

ஏன் பலவீனம்? அணுக்கருவில் 112 புரோட்டான் இழுக்கும்போது உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் ஒளி வேகத்தில் பெரும்பகுதியைத் தொட்டுவிடும். ஐன்ஸ்டீனின் சார்பியல் கணக்கு வந்துவிடுகிறது. உருண்டை வடிவ எஸ் ஆர்பிட்டால்கள் சுருங்கி இறுகிவிடும், கடைசி இரண்டு எலக்ட்ரான்களைப் பிணைப்புக்குக் கொடுக்க மனசு வராது. தங்கம் மஞ்சளாக இருப்பதற்கும் பாதரசம் திரவமாக இருப்பதற்கும் இதே காரணம்தான். கனம் கூடக் கூட இது முற்றிக்கொண்டே போகும். அட்டவணையில் மேலே இருப்பவரைப் பார்த்துக் கீழே இருப்பவரின் குணத்தைச் சொல்வதுதானே மெண்டலீவ் நமக்குக் கொடுத்த வித்தை? அது எந்தக் கட்டத்தில் பொய்க்கத் தொடங்குகிறது என்று பார்ப்பதற்காகவே இந்த ஒன்றிரண்டு அணுவோடு மாரடிக்கிறார்கள்.

எல்லாமே வழி தவறுகிறது என்றும் இல்லை. ஹாசியம் (108) ஆக்சிஜனோடு சேர்ந்து ஆஸ்மியம் மாதிரியே ஆவியாகும் டெட்ராக்சைடு கொடுத்தது, ஏழு அணுவை வைத்துக் காட்டினார்கள். சீபோர்கியம் டங்ஸ்டனைப் போல ஆறு கார்பன் மோனாக்சைடோடு சேர்ந்து கார்போனைல் ஆனது, 2014-ல். பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல உதாரணங்கள். வழிகாட்டிப் புத்தகத்தில் இதையெல்லாம் போடமாட்டார்கள்.


#13 சும்மா_ஒரு_ஆள்

சரி வாத்தியாரே, கிண்டலை விட்டுட்டுக் கேக்கறேன். அமெரிசியம், கியூரியம் எல்லாம் உபயோகம்னு சொன்னீங்க, ஒத்துக்கறேன். 104-க்கு மேல ஒரு உபயோகமாவது உண்டா? இல்லைன்னா அந்தப் பணத்துல பள்ளிக்கூடத்துக்கு லேப் கட்டலாமே.


#14 நெய்தல்

உபயோகம் கிடையாது. கலிஃபோர்னியம் (98) எண்ணெய்க் கிணறு ஆய்வுக்கும் உலையைத் தொடங்கவும் ஆகும். ஐன்ஸ்டீனியத்தைத் தாண்டினால் ஆராய்ச்சி தவிர ஒன்றுமில்லை. வருங்காலத்தில் புற்றுநோய் மருந்து, விண்கலம் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

ஆனால் பள்ளிக்கூட லேபுக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். வாக்கோவில் துத்தநாகத்தை நிறுத்தினால் விளாத்திகுளத்தில் பிப்பெட் வராது.

ஏன் செய்கிறார்கள் என்றால் ஒரு பழைய கணிப்பு. 114 புரோட்டான் 184 நியூட்ரான் பக்கம் போனால் அணுக்கருக்கள் மீண்டும் நிலைப்படும் என்று 1960-களிலேயே சொன்னார்கள், "நிலைப்புத் தீவு" என்பார்கள். கரை தெரிகிறது என்பது பொய்யில்லை. 114-ன் ஐசோடோப்புகளில் நியூட்ரான் கூடக் கூட ஆயுள் நீள்கிறது; ஃபிளெரோவியம்-289 இரண்டு நொடி மாதிரி நிற்கிறது. ஆனால் அதில் 175 நியூட்ரான்தான். 184-க்கு இன்னும் 9 வேண்டும், அவ்வளவு நியூட்ரானைக் கொண்டுவரும் கற்றையும் இலக்கும் யாரிடமும் இல்லை. தீவின் நடுவில் ஆயுள் நிமிஷமா, நாளா, அதற்கு மேலா என்பது ஒவ்வொரு கோட்பாட்டுக்கு ஒவ்வொரு விடை. கோடி வருஷம் என்று யூடியூபில் சொல்பவர்களை விட்டுவிடுங்கள்.


#15 யாழ்_குகன்

119 ஏன் இன்னும் வரேல்லை? கல்சியம்-48-ஐயே பாவிச்சு அடுத்த இலக்குக்குப் போகலாந்தானே?


#16 நெய்தல்

கால்சியம் 20. 119 வேண்டுமென்றால் இலக்கு 99, அதாவது ஐன்ஸ்டீனியம். உலகத்தில் அது மைக்ரோகிராம் கணக்கில்தான் கிடைக்கும். நல்ல இலக்குக்கு அதைப்போலப் பல ஆயிரம் மடங்கு, மில்லிகிராம் கணக்கில் வேண்டும். 120-க்கு ஃபெர்மியம் வேண்டும், அதுவோ இன்னும் மோசம். உலையில் நியூட்ரானை ஊட்டி ஊட்டி ஏற்றிக்கொண்டு போனால் ஃபெர்மியம்-258-ல் போய் முட்டும். அது ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் தானாகப் பிளந்துவிடும். உலை வழி அங்கே அடைப்பு.

அதனால் கற்றையைக் கனப்படுத்துகிறார்கள். ரைக்கன் கியூரியத்தை வனேடியத்தால் அடித்துக்கொண்டிருக்கிறது: 96-ம் 23-ம் சேர்ந்து 119. பெர்க்கிலி டைட்டானியம்-50-ஐ எடுத்திருக்கிறது. 2024 ஜூலையில் புளூட்டோனியத்தை அதனால் அடித்து 116-ஐ, லிவர்மோரியத்தை, உண்டாக்கிக் காட்டினார்கள். 22 நாளில் 2 அணு. தெரிந்த தனிமத்தையே ஏன் திரும்பச் செய்தார்கள் என்றால், கால்சியம் இல்லாமலும் வேலை நடக்குமா என்று பார்க்க. நடக்கிறது, ஆனால் விளைச்சல் குறைவு. அடுத்த குறி கலிஃபோர்னியம் இலக்கில் 120. டூப்னாவும் குரோமியத்தை வைத்து முயல்கிறது, சீனாவும் லான்ச்சோவில் இறங்கியிருக்கிறது. ஓக் ரிட்ஜ் பொருளும் டூப்னா முடுக்கியும் கைகோத்த காலம் 2022-ல் உக்ரைன் போரோடு முடிந்துவிட்டது. இனி பெர்க்கிலியம் பெட்டி அந்த வழியில் போகாது.


#17 கப்பல்காரன்

அப்ப சுங்கத்துல மாட்ற வேலையும் மிச்சம் 😀 வனேடியத்துக்கு யார்கிட்ட கியூரியம் வாங்கறாங்க?


#18 நெய்தல்

ஓக் ரிட்ஜ்தான் அண்ணா. ஜப்பானுக்கு அனுப்புவதில் சிக்கல் இல்லை. கியூரியம்-248-க்கு அரை ஆயுள் மூன்று லட்சம் வருஷத்துக்கு மேல், எத்தனை நாள் குடோனில் கிடந்தாலும் குறையாது.


#19 கரிசல்காட்டான்

மகளிடம் 112 தங்கச் சோதனையைச் சொன்னேன். "இது பரீட்சைக்கு வருமா?" என்றாள். வராது என்றேன். இருந்தாலும் பாதரசம் ஏன் திரவம் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். வாத்தியார் ஐயா சொன்ன சுருங்கிய எஸ் ஆர்பிட்டால் வரைக்கும் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் கேட்டால் இங்கேதான் வருவேன். 119 வந்தால் எட்டாவது வரிசை தொடங்கும்தானே, அது எங்கே உட்காரும்?


#20 வேதிவாத்தியார்

முதல் தொகுதி, பிரான்சியத்துக்குக் கீழே. கடைசி எலக்ட்ரான் எட்டாவது ஓட்டில் போகும் என்று கணக்கு. சார்பியல் சுருக்கத்தால் அந்த எலக்ட்ரானை அது பிரான்சியத்தைவிட இறுக்கிப் பிடித்திருக்கும் என்கிறார்கள். அதாவது தொகுதியில் கீழே இறங்கினால் வினைத்திறன் கூடும் என்று நாம் வகுப்பில் சொல்வது அந்த இடத்தில் திரும்பிவிடும். 121-க்கு மேல் எதை எங்கே வைப்பது என்பதில் இப்போதே இரண்டு மூன்று வரைபடங்கள் சுற்றுகின்றன. மகளுக்கு ஆர்வம் இருந்தால் தனி இழை தொடங்குங்கள், படத்தோடு போடுகிறேன்.